ஏழு பூட்டு, ஏழு சாவி

ஏப்ரல் 4, வெள்ளி

'தளிர் வட்டம்' பட்டியல் சாயங்காலம் வந்துவிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளிலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேல் தேர்வு எழுதினார்கள். எடுத்தது இருபத்து நான்கு பேரை. கோடை விடுமுறையில் ஐந்து வாரப் பயிற்சி, பிறகு இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் வகுப்பு.

இருபத்து நான்காவது பெயர் ஆதிரை. என் மகள். அறுபத்தொரு மதிப்பெண்.

இவருக்கு உடனே ஃபோன் போட்டேன். அறந்தாங்கியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வீடு. சமைத்துக்கொண்டே அவளிடம் நான் புதிர் போட்டது வீண் போகவில்லை என்றார். அது சரிதான். புதிர் போடுவது எங்கள் வீட்டில் வழக்கம். ஆறாம் வகுப்பில் அவளுடைய டீச்சர் என்னிடம் வந்து, "கணக்கு டீச்சர் பொண்ணா இது, சுமாராத்தான் படிக்கிறா" என்று சொன்னதை நான் மறக்கவில்லை. அந்த டீச்சர் இப்போது பட்டியலைப் பார்த்திருப்பார்.

ஆதிரை துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அழகுமீனா. அறுபது. என் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, நான் கணக்கு எடுக்கும் 8-பி. ஒரு மதிப்பெண்தான். எந்தத் தேர்வானாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் நின்றுதான் ஆகவேண்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

அழகுமீனா இடைவேளையில் வந்து, யாராவது சேராமல் போனால் தன்னைக் கூப்பிடுவார்களா என்று கேட்டாள். கூப்பிடுவார்கள், ஆனால் யாரும் விடமாட்டார்கள் என்றேன். பொய்யாக நம்பிக்கை கொடுப்பது சரியில்லை.

எட்டாம் வகுப்புத் தாள் எண்பது திருத்தினேன். மாவு தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 28, திங்கள்

முகாம் தொடங்கிவிட்டது. மூடிக் கிடந்த ஒரு பயிற்சிக் கட்டடத்தைத் துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பொறுப்பாளர் ஜோசபின் மேடம், இயற்பியல் ஆசிரியை. விடுமுறையில் வந்து உதவ விருப்பமுள்ள ஆசிரியர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார்கள், கொடுத்தேன். ஐந்து பேர் இருக்கிறோம்.

இந்தத் தேர்வுக்கு நானும் நான்கு கேள்விகள் எழுதி அனுப்பியிருந்தேன் என்பது இங்கே ஒருவருக்கும் தெரியாது. கேள்வி எழுதியவர்கள் பெயர் ரகசியம். இரண்டு கேள்விகளை எடுத்துக்கொண்டார்கள், ஒவ்வொன்றும் ஐந்து மதிப்பெண். உறவினர் யாரும் தேர்வு எழுதவில்லை என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டது ஜனவரியில். ஆதிரை எழுதுவதென்று முடிவானது அதற்கப்புறம். ஆகவே அதில் பொய் ஒன்றும் இல்லை.

முதல் நாளே மேடம் பிள்ளைகளை மிரள வைத்துவிட்டார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இப்போது எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஏறிப் பார்க்காமல் சொல்ல வேண்டும். ஒருத்தன் குழாயைத் தட்டிச் சத்தம் கேட்டான். இரண்டு பேர் வெயில் பட்டுச் சூடான தொட்டிச் சுவரில் எங்கே குளிர்ச்சி தொடங்குகிறது என்று தடவிப் பார்த்தார்கள். ஆதிரை பின்வரிசையில் நின்றாள். முதல் நாள்தானே.

மே 2, வெள்ளி

குழு பிரித்தாயிற்று. ஒரு குழு பஸ் ஸ்டாண்டில் நின்று எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று குறிக்கிறது. இன்னொன்று தெருநாய்கள் எங்கே படுக்கின்றன, எந்த நேரத்தில் இடம் மாறுகின்றன என்று வரைபடம் போடுகிறது. ஆதிரை இருக்கும் குழுவுக்குப் பெரிய ஆஸ்பத்திரி. படிக்கத் தெரியாதவர்கள் வழி கேட்காமல் போய்வர ஒரு வரைபடம் செய்ய வேண்டும். ஐந்து பிள்ளைகள், கூட நான். வேறு குழுவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். சொந்த மகள் குழுவில் வேண்டாம் என்று. வேறு ஆள் இல்லை என்றார் மேடம்.

காலையில் மூன்று மணி நேரம் வெளிநோயாளிப் பிரிவு வாசலில் நின்றார்கள். யார் எந்த இடத்தில் நின்று வழி கேட்கிறார்கள் என்று நோட்டில் புள்ளி வைக்க வேண்டும். வெயில் தாங்கவில்லை. எல்லோருக்கும் மோர் வாங்கிக் கொடுத்தேன்.

மே 6, செவ்வாய்

கால் வீக்கம். கேஸ் சிலிண்டர் வந்தது.

மே 9, வெள்ளி

இன்று நடந்ததை விடாமல் எழுதிவைக்க வேண்டும்.

மூன்று நாளாக வைத்த புள்ளிகளைப் பெரிய தாளில் ஏற்றினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். வாசலிலும் சீட்டு கொடுக்கும் இடத்திலும்தான் அதிகம் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். அங்கே கொஞ்சம்தான். நடுவில், மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஈ மொய்த்த மாதிரிப் புள்ளிகள். மாத்திரை ஜன்னலில் யாரும் வழி கேட்க என்ன இருக்கிறது, தப்பாகக் குறித்துவிட்டோம் என்று குழுவில் சண்டை. ஆதிரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் நோட்டை எடுத்துக்கொண்டு திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டாள். போனோம். ஜன்னலில் மாத்திரை வாங்கித் திரும்பியவர்களில் ஒன்பது பேரிடம் எங்கே போகணும் என்று விசாரித்தாள்.

ஒன்பது பேரும் நோயாளிகள் இல்லை, கூட வந்தவர்கள். நோயாளியை எங்கோ பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மாத்திரைக்கு வந்தவர்கள். உட்காரவைத்த இடத்துக்குத் திரும்பிப் போகத் தெரியவில்லை. "போற வழிக்குத்தான் போர்டு இருக்கு. திரும்பி வர்ற வழிக்கு இல்ல" என்றாள்.

ஜோசபின் மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவளை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். பிறகு என்னிடம், "இவ யோசிக்கிற பொண்ணு, மேகலா டீச்சர்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவளை உள்ளே கொண்டுவந்தது சரிதான். உள்ளே வந்தால்தானே இதெல்லாம் தெரிகிறது.

மே 12, திங்கள்

ரேஷன் கடைக்குப் போய் வருவதற்குள் தபால் வந்திருக்கிறது. வினாத்தாள் குழுவுக்கு நன்றி தெரிவித்துச் சான்றிதழ். பெயர், பதவி, நான் எழுதிய கேள்விகளின் எண்கள் கூடப் போட்டிருக்கிறார்கள். கவர் மேசைமேல் திறந்து கிடந்தது. பசை சரியாக ஒட்டாமல் விட்டிருக்கும்.

ஆதிரை தலைவலி என்று படுத்திருந்தாள். பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மே 13, செவ்வாய்

ஆதிரை முகாமுக்கு வரவில்லை. வயிற்றுவலி என்றாள். ரசம் சாதம் வைத்துவிட்டுப் போனேன். வைத்தபடியே இருந்தது.

மே 14, புதன்

வந்தாள். குழுவில் தாள் ஒட்டிக்கொடுத்தாள், கோடு போட்டுக்கொடுத்தாள். மேடம் கேட்டதற்கெல்லாம் தெரியல மேடம், தெரியல மேடம் என்றே சொன்னாள். வயது அப்படி.

மே 15, வியாழன்

இன்று கேட்டுவிட்டாள். சாயங்காலம், நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது.

பிப்ரவரியில் நீ சொல்லிக்கொடுத்த பூட்டுக் கணக்கும் தராசுக் கணக்கும் அப்படியே தேர்வில் வந்தபோது, நீயும் கேள்வித்தாள் போட்டவரும் ஏதோ ஒரே புத்தகத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன் என்றாள். அப்போதே ஒரு மாதிரி இருந்ததாம். சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று சொல்லவில்லையாம். "அந்த ரெண்டும் இல்லன்னா எனக்கு அம்பத்தொண்ணு" என்றாள்.

ஏழு பூட்டு, ஏழு சாவி, அது எல்லோரும் எங்கோ கேட்டிருக்கக்கூடிய புதிர்தான், வீட்டில் விளையாட்டாகப் பேசிக்கொண்டது, நீயாகவே போட்டிருப்பாய் என்று சொன்னேன்.

"போட்டிருப்பேனா இல்லையான்னு இனிமே எப்படிம்மா தெரிஞ்சிக்கிறது?"

ஆஸ்பத்திரிக் கண்டுபிடிப்பு யாருடையது, நானா சொல்லிக்கொடுத்தேன், மேடமே உன்னை என்ன சொன்னார் பார்த்தாயா, உனக்கு அந்த இடத்துக்குத் தகுதி இருக்கிறது என்று அதிலேயே தெரியவில்லையா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவள் சத்தம் போடவில்லை. "அப்படின்னா எதுக்கும்மா சொல்லிக்கொடுத்த?" என்றாள்.

வெங்காயம் மிச்சமாகிவிட்டது. டப்பாவில் போட்டு வைத்தேன்.

மே 17, சனி

அழகுமீனா வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்று உபரியாக இருந்தது, அதைக் கொடுக்கலாம் என்று.

தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டை தாண்டி இறங்கி நடக்க வேண்டும். அவள் அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் இருந்தார். விரல்களெல்லாம் கொட்டையெண்ணெய் பட்டுக் கறுத்திருந்தன. டீச்சர் வீடு தேடி வந்தால் பிள்ளை என்னவோ செய்துவிட்டாள் என்று பயந்துபோனார். அப்படி எதுவும் இல்லை, புத்தகம் கொடுக்க வந்தேன் என்றதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

அழகுமீனா புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தேர்வு முடிந்ததிலிருந்து ஒன்று கேட்கவேண்டும் என்றிருந்தாளாம். எந்தச் சாவி எதற்கென்று தெரியாத ஏழு பூட்டுக் கேள்விக்கு விடை என்ன என்றாள்.

இருபத்தொன்று என்றேன். முதல் பூட்டுக்கு ஆறு சாவி போட்டுப் பார்த்தால் போதும், ஆறும் சேரவில்லை என்றால் ஏழாவதுதான் என்று தெரிந்துவிடும், அடுத்ததற்கு ஐந்து, அப்படியே கூட்டினால் இருபத்தொன்று என்று விளக்கினேன்.

அவள் புத்தக அட்டையில் விரலால் எண்ணிப் பார்த்தாள். "ஆனா டீச்சர், கேள்வியில எந்தச் சாவி எதுக்குன்னு கண்டுபிடிக்கச் சொல்லலையே. ஏழு பூட்டையும் திறக்க அதிகபட்சம் எத்தன தடவ சாவி போடணும்னுதான இருந்துச்சு? ஏழாவது சாவிதான்னு தெரிஞ்சாலும் அதப் போட்டாத்தான பூட்டு திறக்கும்? நான் இருபத்தெட்டுன்னு எழுதுனேன்."

அந்தக் கேள்வியை எழுதியவள் நான். 'திறக்க' என்றுதான் எழுதியிருந்தேன். எழுதியபோது எனக்கு இது தோன்றவில்லை. தாளைச் சரிபார்த்தவர்களுக்கும் தோன்றவில்லை. என் மகளுக்கும் தோன்றவில்லை. அவளிடம் நான் விடையையும் சேர்த்துச் சொல்லியிருந்தேன்.

"நீ எழுதினது சரி" என்றேன்.

அவள் முகத்தில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. ஒரு சந்தேகம் தீர்ந்த மாதிரித் தலையாட்டினாள். அவள் அம்மா ஒரு காகிதத்தில் வறுத்த முந்திரி கட்டிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. பஸ்ஸில் கையிலேயே வைத்திருந்தேன்.

ஐந்து சேர்த்தால் அறுபத்தைந்து.

மே 18, ஞாயிறு

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆதிரை உள்ளறையில் இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

இவர் கோபப்படவில்லை. ஒரு வழி சொன்னார். விடைக்குறிப்பு தவறு என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடு. திருத்துவார்கள். அந்தப் பிள்ளைக்கு அறுபத்தைந்து வரும், உள்ளே போய்விடும். நம்முடையது இருபத்தைந்தாவதாகித் தானாக வெளியே வந்துவிடும். யாருக்கு என்ன கிடைக்க வேண்டுமோ அது கிடைத்துவிடும். உன் வேலைக்கும் ஆபத்தில்லை, நாளைக்கு ஆதிரை பள்ளிக்கூடத்தில் தலைகாட்டவும் முடியும்.

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை. மதியம் முழுக்க யோசித்தேன். வெள்ளைத் தாளில் எழுதவும் எழுதினேன். நாலே வரி. நன்றாக இருந்தது.

தட்டு எடுக்க வந்த ஆதிரை அதை வாசித்துவிட்டு வைத்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். தாளில் விடை எழுதிவிட்டு, டீச்சர் 'சரி' போடுகிறாரா என்று பார்க்கும் பிள்ளைகளை இருபது வருடமாகப் பார்க்கிறேன். இன்று அப்படிப் பார்த்தது நான். தாள் என்னுடையது.

மே 19, திங்கள்

காலையில் முகாம் தொடங்கும் முன் ஜோசபின் மேடத்திடம் சொல்லிவிட்டேன். எழுதி வைத்திருந்த நாலு வரியைக் கொடுக்கவில்லை.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எழுத்துல குடுங்க" என்றார். அப்புறம், "இன்னிலேர்ந்து நீங்க வர வேண்டாம்" என்றார். ஆதிரை என்று நான் ஆரம்பித்ததும், வரைபடம் அவள் குழுவோடது, அதை முடித்துவிட்டுப் போகட்டும் என்றார். குரலில் கோபம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'அறியாமல்' என்று ஒரு தடவை வந்தது, அடித்தேன். 'விளையாட்டாக' என்று வந்தது, அடித்தேன். நான்காவது தாளில் முடிந்தது. அதை அப்படியே இங்கேயும் எழுதுகிறேன்:

'என் மகள் இந்தத் தேர்வை எழுதப்போகிறாள் என்று தெரிந்தே, உறவினர் எவரும் எழுதவில்லை எனக் கையெழுத்திட்டேன். அவளுக்கான விண்ணப்பத்தை அதற்கு முன்பே வாங்கி வைத்திருந்தேன். நான் எழுதிய கேள்விகளில் இரண்டு தெரிவானதை அறிந்த பின், அந்த இரண்டையும் விடையோடு தேர்வுக்குப் பத்து நாள் முன்பு அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவை தேர்வில் வரும் என்பது அவளுக்குத் தெரியாது.'

அதன் கீழே பூட்டுக் கேள்வியின் பிழையைத் தனியாக எழுதினேன்.

ஏப்ரல் 28-இல் எழுதியதைத் திருப்பிப் படித்தேன். பக்கத்தைக் கிழிக்கவில்லை.

மே 24, சனி

விடைத்தாள்களை மறுபடி பார்த்தார்களாம். இன்னும் சிலர் இருபத்தெட்டு எழுதியிருக்கிறார்கள், ஆனால் கோட்டைத் தாண்டி வருவது அழகுமீனா ஒருத்திதான். ஆதிரையின் இடத்துக்கு அவளைத் திங்கட்கிழமை முதல் கடைசி வாரத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

மே 30, வெள்ளி

முகாமின் நிறைவு. பெற்றோர் வரிசையில் உட்கார எனக்கு அனுமதி உண்டு, கடைசியில் உட்கார்ந்தேன். சக ஆசிரியர்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனார்கள். ஒருவர் வந்து தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

நாய் வரைபடத்துக்குத்தான் கைதட்டல் அதிகம். ஆஸ்பத்திரிக் குழுவில் ஐந்து பேரும் மேடையேறினார்கள். ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒரு படம்: யானை, குடை, வாழைப்பழம். நோயாளியை உட்காரவைக்கும்போதே கூட வந்தவர் கையில் அந்தப் படம் போட்ட சீட்டு. தரையில் அதே படம் மாத்திரை ஜன்னலிலிருந்து திரும்பிவரும் வழியெல்லாம். ஆஸ்பத்திரியில் ஒரு நடைவழியில் மட்டும் ஒரு வாரம் ஒட்டிப்பார்க்க ஒத்துக்கொண்டிருக்கிறார்களாம். கேள்வி நேரத்தில், நான்கு நாள் முன்பு வந்துசேர்ந்த அழகுமீனா எழுந்து, கூட்டத்தில் தரை தெரியாதே, படத்தை எந்த உயரத்தில் ஒட்டுவீர்கள் என்று கேட்டாள். ஆதிரை திணறினாள். பிறகு, அதை நாங்கள் யோசிக்கவில்லை என்றாள். மேடையில், மைக்கில், அத்தனை பேர் முன்னால். அப்படிச் சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள்.

இறங்கும்போது அவளுக்குச் சான்றிதழ் இல்லை. கையை வீசிக்கொண்டு நடந்து வந்தாள்.

ஜூன் 9, திங்கள்

பள்ளி திறந்து ஒரு வாரம். விளக்கம் கேட்டு வந்த குறிப்பாணைக்குப் பதில் கொடுத்தாயிற்று. ஐந்து வருடத்துக்குத் தேர்வுப் பணி எதுவும் கிடையாது. வேறு ஊருக்கு மாற்றலும் வரலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார்.

அழகுமீனாவைத் தனியாகக் கூப்பிட்டு நானே சொன்னேன். வேறு யார் வாயாலும் கேட்க வேண்டாம் என்று. அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப ஏப்ரல்ல நான் வந்து கேட்டப்பவே உங்களுக்குத் தெரியும்" என்றாள். ஆமாம் என்றேன். "சரிங்க டீச்சர்" என்று போய்விட்டாள். ஒன்பதாம் வகுப்பிலும் அவளுக்குக் கணக்கு எடுப்பது நான்தான். முன்பெல்லாம் இடைவேளையில் ஒரு கணக்கோடு மேசைக்கு வந்து நிற்பாள். இப்போது நோட்டை அடுக்கில் வைத்துவிட்டு நேராக வெளியே போகிறாள். அவள் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு வாய்ப்பே தருவதில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஆதிரை என்னோடு பேசுகிறாள். சாப்பாடு, துணி, பஸ் நேரம், இவ்வளவுதான். காலையில் இவர் வாங்கி வந்த மீனை மூன்று பேரும் சாப்பிட்டோம்.

மதியம் அவள் கூடத்தில் நோட்டை விரித்து உட்கார்ந்தாள். ஒன்பதாம் வகுப்பில் புது கணக்கு டீச்சர் வாரக் கடைசிக்கு ஒரு கஷ்டமான வடிவியல் கணக்கு கொடுத்திருக்கிறாராம். நான் இங்கே மேசையில் இருக்கிறேன். பத்தடி தூரம். இங்கிருந்தே படம் தெரிகிறது. அவள் போட்டிருக்கும் துணைக்கோடு தவறு. அந்த வழியில் போனால் சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும்.

அழிக்கிறாள். மறுபடி அதே கோட்டைப் போடுகிறாள். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

ஒரு மணி நேரம் ஆகப்போகிறது. மீண்டும் அழித்திருக்கிறாள். பென்சிலைச் சீவிக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வந்துவிடுமா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. நான் எழுந்து போகவில்லை.